கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறக்கும் பழைய பாட்டுச் செற்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

கிளிநொச்சி, பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று வன்னி வீடுகளில் இருக்கும் பாட்டுச் செற்றுகள் பல, மீள்குடியேறிய பிறகு கடையில் வாங்கியவை. மற்றவை வெளிநாட்டு உறவுகள் கொண்டுவந்து கொடுத்தவை. இரண்டுக்கும் இப்போது வயது போய்விட்டது. பாட்டு இன்னும் நன்றாகத்தான் ஓடும். ஆனால் கரண்ட் போய் வந்ததும் மணிக்கூடு 12:00 என்று மின்னும், பதிந்து வைத்த எஃப்எம் நிலையங்கள் காணாமல் போகும், பாஸ், ட்ரெபிள் எல்லாம் பூச்சியத்தில் நிற்கும். "செற் முடிஞ்சுது, புதுசு எடுப்பம்" என்ற பேச்சு வீட்டில் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

அவசரப்பட வேண்டாம். இந்தக் கோளாறோடு வரும் செற்றுகளைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் காரணம் பிளக்கில் இருக்கும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு சின்ன உதிரியில் இருக்கும். 1990களில் பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண் இது. சத்தம் நன்றாக இருக்கிற ஒரு செற்றை, நேரம் மறக்கிறது என்பதற்காகத் தூக்கி எறிவதை என்னால் பொறுக்க முடியாது.

தொடங்க முன் ஒரு துண்டுக் கடதாசியில் உங்கள் நிலையங்களின் அலைவரிசைகளையும் பாஸ் அளவுகளையும் எழுதிச் செற்றின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். கீழே சொல்லும் சோதனைகளில் அவை அழியத்தான் போகின்றன. ரிமோட்டின் பற்றரியை மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை. அதற்கும் செற்றின் நினைவகத்துக்கும் தொடர்பே கிடையாது.

அறிகுறி 1: கரண்ட் போய் வந்தால் எல்லாம் அழிந்துவிடுகிறது

முதலில், கரண்ட் உண்மையிலேயே போனதா?

இரவு படுக்கப் போகும்போது சுவர் சுவிச்சை நிப்பாட்டுகிற பழக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். செற்றைப் பொறுத்தவரை அதுவும் மின்வெட்டுத்தான். பல செற்றுகளின் கையேட்டிலேயே, பிளக்கைக் கழற்றினால் பதிந்த நிலையங்கள் ஏறத்தாழ அரை நாள் நிற்கும் என்று போட்டிருக்கும். பெரிய ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் ஒரு வாரம் அளவில் நிற்பவை உண்டு. தினமும் இரவில் நிப்பாட்டினால், வயதான செற் காலையில் வெறுமையாகத்தான் எழும்பும்.

கனடாவிலிருந்து வந்த 120 வோல்ற் செற் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். அதற்கு ஸ்ரெப் டவுண் ட்ரான்ஸ்போமர் பூட்டியிருப்பீர்கள். அது சும்மா இருக்கும்போதும் சூடாகிறது என்று யாராவது தினமும் அதை நிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள்.

சரி, சுவிச்சைப் போட்டே விட்டால் கரண்ட் பில் ஏறாதா? ஏறும். மணிக்கூடு ஒளிரும் பழைய செற் ஒன்று சும்மா இருக்கும்போது 10 வாற் எடுக்கிறது என்று வைத்தால் மாதம் 7 யூனிட்டுக்குச் சற்று மேல் வரும். வீட்டுக் கட்டணம் 30, 60, 90 என்று யூனிட் கணக்கில் படி மாறுவதால், விளிம்பில் இருக்கிற வீட்டுக்கு அது பெரிய வித்தியாசம். செற்றில் பவர் சேவ் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். திரை அணைந்துவிடும், நினைவகம் மட்டும் உயிரோடு இருக்கும். அந்த வசதி இல்லாத செற் என்றால், நேரம் தேவையா பில் தேவையா என்பது உங்கள் முடிவு.

அடுத்தது, பிளக்

இரண்டு உருண்டைக் கம்பி கொண்ட பிளக்கை, சதுர ஓட்டைப் பிளக் பொயின்ற்றில் மேல் ஓட்டைக்குள் பேனா மூடியையோ ஈர்க்கையோ விட்டுத் திறந்து செருகி வைத்திருக்கிறீர்களா? வீட்டுக்கு வீடு இதைக் காண்கிறேன். அது இறுக்கமாகப் பிடிக்காது. மேசையில் கை பட்டாலே ஒரு கணம் விட்டுப் பிடிக்கும். பல்ப் சிமிட்டுவதுகூடத் தெரியாது, செற் மட்டும் எல்லாவற்றையும் மறந்துவிடும். வயரை வெட்டி, 3 அம்பியர் பியூஸ் போட்ட நல்ல சதுரப் பிளக் ஒன்றைப் பூட்டுங்கள். வெட்ட விருப்பமில்லாவிட்டால் தரமான அடப்டர் வாங்குங்கள். செற்றின் பின்பக்கம் வயர் கழன்று வருகிற வகை என்றால் அந்த முனையையும் அழுத்திப் பாருங்கள்.

அப்புறம், பின்பக்க மூடி

பழைய ரியூனர்கள், அம்பிளிபயர்கள் சிலவற்றில் நினைவகத்துக்கென்றே சாதாரண டோர்ச் பற்றரி போடும் பெட்டி பின்னால் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து யாரும் திறந்திருக்க மாட்டார்கள். திறந்து பாருங்கள். பற்றரி கசிந்து வெள்ளை, பச்சை என்று பூத்திருந்தால் கம்பிகளைச் சுரண்டித் துடைத்து, புதுப் பற்றரி போடுங்கள். பலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

இவ்வளவும் சரி என்றால், நேரச் சோதனை

செற்றையே கழற்றித் திறக்க முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். எந்த உதிரி பழுது என்பதை இதுதான் காட்டும்.

செற்றை ஓர் இரவு முழுக்கச் சுவிச் போட்டபடி விடுங்கள். காலையில் நேரம் வையுங்கள், ஒரு நிலையம் பதியுங்கள், பாஸை மாற்றுங்கள். செற்றின் சொந்தப் பொத்தானால் அணையுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் கழித்துச் செருகிப் பாருங்கள். பதிந்தவை அழியாமல் நின்றால் அரை மணித்தியாலம். அதிலும் நின்றால் காலை முதல் பின்னேரம் வரை. ஒவ்வொரு முறைக்கும் இடையில் செற் சில மணித்தியாலமாவது கரண்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவு பிழையாக வரும்.

ஒரு நிமிடத்திலேயே எல்லாம் போனால், நினைவகத்தைத் தாங்கும் கப்பாசிற்றர் (கரண்டைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் உதிரி) அல்லது உள் பற்றரி செத்துவிட்டது. சில நிமிடங்கள் நின்று, அரை மணித்தியாலத்துக்குள் போனால் அந்தக் கப்பாசிற்றர் தளர்ந்திருக்கிறது. நாள் போகப் போக இந்த நேரம் குறைந்துகொண்டே போகும். பின்னேரம் வரை நின்று மறுநாள் போனால் செற்றில் பழுதே இல்லை, அதன் கொள்ளளவு அவ்வளவுதான். நேரம் மட்டும் அழிந்து நிலையங்கள் நின்றால் அதுவும் பழுதல்ல. அந்த வகைச் செற்றுகள் நிலையங்களைக் கரண்ட் தேவைப்படாத சிப் ஒன்றில் வைக்கும், மணிக்கூட்டுக்கு மட்டும் காப்பு இருக்காது. இந்தக் கடைசி இரண்டு வகையையும் தயவுசெய்து திறக்க வேண்டாம்.

2022இல் மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. அந்தக் காலத்தில்தான் பல வீடுகளில் இந்தக் கோளாறு தெரியவே வந்தது. செற் அப்போது பழுதானதில்லை. அரை நாள் தாங்குகிற செற்றுக்கு அரை நாளுக்கு மேல் இருட்டு.

உள்ளே இருக்கும் உதிரி

சோல்டரிங் அயன் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பகுதியைக் கடைக்காரரிடம் விடுங்கள். செலவு பெரிதாக வராது. பழக்கமுள்ளவர்கள் பிளக்கைக் கழற்றி, நல்ல நேரம் பொறுத்துத் திறவுங்கள். புதிய வகைப் பவர் சப்ளை உள்ள செற் என்றால் பெரிய கப்பாசிற்றரில் 325 வோல்ற் வரை நிற்கும். கழற்றிய உடனே கை வைத்தால் தூக்கி எறியும். உயிருக்கும் ஆபத்து.

முன்பக்கப் பலகையில், பெரிய சிப்புக்குக் கிட்ட, தட்டையான வட்ட உதிரி ஒன்று இருக்கும். மேலே 5.5 வோல்ற் என்றும் 0.047, 0.1, 0.22 ஃபரட் என்பது போலவும் அச்சிட்டிருந்தால் அது கப்பாசிற்றர். 3 வோல்ற், சிஆர் 2032 அல்லது 2025 என்றிருந்தால் லித்தியம் பற்றரி. 3.6 வோல்ற் என்று சுற்றிக் கட்டிய மாதிரி இருந்தால் சார்ஜ் ஏறும் பற்றரி. மூன்றையும் ஒன்றுக்குப் பதிலாக ஒன்று போடக் கூடாது. சார்ஜ் ஏறும் இடத்தில் சாதாரண லித்தியம் பற்றரியைப் போட்டால் செற் அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், பற்றரி வெடிக்கலாம்.

கப்பாசிற்றர் என்றால் அதே 5.5 வோல்ற், அதே ஃபரட் அளவில் புதிது வாங்குங்கள், கழித்தல் பக்கம் மாறாமல் பூட்டுங்கள். பழைய விசிஆர் டெக்கிலிருந்து கழற்றிப் போடும் வழக்கம் இருக்கிறது. அதுவும் கிழடுதான், ஒரு மழைக்குக்கூட நிற்காது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணத்தில் தேடுங்கள், அல்லது கொழும்பு போகிறவர்களிடம் சொல்லிப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எடுக்கச் சொல்லுங்கள். பழைய உதிரியையே கையில் கொடுத்து விடுவது நல்லது.

லித்தியம் பற்றரியை அளந்து 2.6 வோல்ற்றுக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். கம்பிக் கால் வைத்த பற்றரியாக வாங்குங்கள், அல்லது சின்ன ஹோல்டர் ஒன்றைப் பூட்டி அதற்குள் போடுங்கள். பற்றரியின் உடம்பில் நேரே ஈயம் ஒட்டுவது கூடவே கூடாது.

பழைய உதிரி கசிந்து பலகையின் செப்புக் கோடுகளைத் தின்றிருந்தால், அங்கே நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோங்கள். மேலால் புது உதிரியைப் போட்டு மூடினால் சில மாதத்தில் பலகையே போய்விடும்.

அறிகுறி 2: கரண்ட் போகாமலே, பாடிக்கொண்டிருக்கும்போது அணைந்து எல்லாம் அழிகிறது

எந்த நேரத்தில் நடக்கிறது என்று முதலில் கவனியுங்கள். வயல் காலத்தில் பக்கத்துக் காணி நீர்ப்பம்பி தொடங்கும்போதா? அரிசி ஆலையோ வெல்டிங் கடையோ வேலை செய்யும் நேரத்திலா? மாலையில் எல்லா வீட்டிலும் லைற் போடும்போதா? அப்படியானால் குற்றம் செற்றில் இல்லை, வோல்ற்றில். இலங்கையில் 230 வோல்ற், கூடிக் குறைய 6 சதவீதம், அதாவது 216 முதல் 244 வரை இருக்க வேண்டும். தெரு ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளுக்கு மாலையில் அது விழுவதை வோல்ற் மீற்றர் பிடித்தால் காணலாம். தொடர்ந்து 216க்குக் கீழே இருந்தால் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிப் பதியுங்கள். அதுவரைக்கும் வோல்ற்றை நிலையாக வைக்கும் ஸ்ரெபிலைசர் ஒன்று உதவும்.

வோல்ற் சரி என்றால், வேறு பிளக் பொயின்ற்றில், மல்ரிப் பிளக் எதுவும் இல்லாமல் நேரே செருகி ஒரு நாள் பாருங்கள். பிளக் பொயின்ற்றின் சுவிச்சுக்குள் எறும்பு கூடு கட்டி, தொடுமிடம் கருகியிருப்பது இங்கே சர்வசாதாரணம். சுவிச்சைத் தட்டினால் 'சிர்' என்று சத்தம் கேட்டால் மெயினை நிப்பாட்டிவிட்டு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

அதுவும் சரி, ஆனால் செற் சூடான பிறகுதான் அணைகிறது, அல்லது மேலே மெல்லத் தட்டினால் அணைகிறது என்றால் உள்ளே ஈயம் ஒட்டிய இடம் வெடிப்பு விட்டிருக்கிறது, அல்லது பவர் சப்ளையின் கப்பாசிற்றர்கள் காய்ந்துவிட்டன. தகரக் கூரைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி வைத்த செற்றுகளில் இது சீக்கிரம் வரும். 10 பாகை வெப்பம் கூடினால் அந்தக் கப்பாசிற்றரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். செற்றுக்குப் பின்னும் மேலும் ஒரு சாண் இடம் விடுங்கள், மேலே துணி விரிக்க வேண்டாம். உள் வேலையைக் கடைக்காரர்தான் செய்ய வேண்டும்.

அறிகுறி 3: புதிதாகப் பதிந்தது நிற்பதில்லை, பழையதே திரும்பி வருகிறது

பல செற்றுகள், அவற்றின் சொந்தப் பொத்தானால் அணைக்கும்போதுதான் கடைசி மாற்றத்தை எழுதி வைக்கும். பாட்டு ஓடும்போதே சுவரில் நிப்பாட்டினால் எழுத நேரம் கிடைக்காது. சில நாள் ஒழுங்காக அணைத்துப் பாருங்கள்.

மாறவில்லையா? கையேட்டில் சொன்னபடி ரீசெற் செய்யுங்கள். பொத்தான் சேர்க்கை மொடலுக்கு மொடல் வேறுபடும், ஆகவே மொடல் எண்ணைப் பின்பக்கம் பார்த்து அதற்குரிய கையேட்டை இணையத்தில் எடுங்கள். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் நினைவகச் சிப் போய்விட்டது. சிப் மலிவு, மாற்றும் கை கிடைப்பதுதான் கடினம். வேலைக்கூலியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். செற்றின் மதிப்பில் பாதிக்கு மேல் கேட்டால், ஒவ்வொரு முறையும் கடதாசியைப் பார்த்துப் பதிவதே மேல்.

அறிகுறி 4: நேரம் அழியவில்லை, ஆனால் பிழையாக ஓடுகிறது

மணித்தியாலத்துக்குச் சரியாக 10 நிமிடம் பிந்துகிறதா? அது 60 ஹேர்ட்ஸ் நாட்டுச் செற், அதாவது கரண்ட் செக்கனுக்கு 60 தடவை துடிக்கும் நாடு. கரண்டின் துடிப்பை எண்ணித்தான் அது நேரம் காட்டுகிறது, இங்கே கிடைப்பது 50 ஹேர்ட்ஸ். ஸ்ரெப் டவுண் ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைக் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. மணிக்கூட்டை மறைத்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள், திருத்தப் போகாதீர்கள். ஜெனரேற்றரில் ஓடும்போது மட்டும் நேரம் தாவினாலும் காரணம் ஹேர்ட்ஸ் மாறுவதுதான்.

அறிகுறி 5: சத்தமும் பாஸும் தானாக மாறுகின்றன

இது மறதி இல்லை, தொடுகை. வொலியும் குமிழை ஏற்றினால் இறங்குகிறது, இறக்கினால் தாவுகிறது என்றால் குமிழுக்குள் தூசி. வன்னியின் செம்மண் தூசிக்கு எந்த மூடியும் தடையில்லை. பிளக்கைக் கழற்றி, குமிழை இழுத்தெடுத்து, கொன்ராக்ட் கிளீனரைக் கொஞ்சமாக அடித்து, இரண்டு பக்கமும் பல தடவை திருகுங்கள். காய்ந்த பிறகே கரண்ட் போடுங்கள். தையல் மெசின் எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் விடாதீர்கள். இரண்டும் தூசியைச் சேர்த்துச் சேறாக்கும்.

மாரி காலத்தில் மட்டும், ஒரு பொத்தானை அழுத்தினால் இன்னொன்று வேலை செய்கிறதா? பல பொத்தான்கள் ஒரே வயரில் ஓடுவதால், ஈரமோ தேய்மானமோ வந்தால் செற் ஒன்றை மற்றதாக வாசிக்கும். ரிமோட்டின் பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். கோளாறு நின்றால் ரிமோட்டில் ஒரு பொத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிற்காவிட்டால் முன்பக்கப் பொத்தான்களை மாற்ற வேண்டும். கடைக்கு அது எளிய வேலை. பல்லி எச்சமோ முட்டையோ பலகையில் இருந்தால் அதையும் துடைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி 6: நிலையம் பதிவில் இருக்கிறது, ஆனால் இரைச்சல்தான் கேட்கிறது

ஒரே வானொலிக்கு இடத்துக்கு இடம் வேறு அலைவரிசை. யாழ்ப்பாணத்தில் பதிந்த செற்றை மாங்குளத்துக்குக் கொண்டுவந்தால் திரும்பத் தேட வேண்டியதுதான். வன்னியில் ஏரியலைக் கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரப் பக்கம் நீட்டிப் பாருங்கள். 2011இல் திறந்த, 170 மீட்டருக்கு மேல் உயரமான கோபுரம் அது.

கனடாவிலிருந்து வந்த சில செற்றுகள் 0.2 மெகாஹேர்ட்ஸ் படியில் தாவும், 98.2 போன்ற இடத்தில் நிற்காது. படியை மாற்றும் வசதி இருந்தால், நிலையங்களைப் பதிய முன்னமே மாற்றுங்கள். மாற்றியதும் பல செற்றுகள் பதிவு முழுவதையும் அழித்துவிடும். பழைய ஜப்பான் உள்நாட்டுச் செற் என்றால் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், கரண்டும் 100 வோல்ற்தான். அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

அறிகுறி 7: புரொடெக்ட் என்று காட்டி அணைகிறது

ஸ்பீக்கர் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். புரொடெக்ட் வராவிட்டால், வயர் முனையில் ஓர் இழை மற்றதைத் தொடுகிறது, எலி கடித்திருக்கிறது, அல்லது பிறந்தநாள் விழாவுக்கென்று மேலதிகமாக இரண்டு பொக்ஸை அதே இடத்தில் கொழுவியிருக்கிறீர்கள். கழற்றியும் வந்தால் கடைக்கு. மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பதில் அம்பிளிபயர் முழுதாகப் போகும்.

எப்போது ஒன்றும் செய்யாமல் கடைக்குப் போக வேண்டும்

கருகிய மணம், புகை, செற்றின் உடம்பில் கை வைத்தால் விறுவிறுப்பு, ட்ரிப் சுவிச் விழுதல், மாற்றிய பியூஸ் மறுபடி போதல். இதில் ஒன்று இருந்தாலும் பிளக்கைக் கழற்றி வையுங்கள். பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியோ சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளோ சுற்ற வேண்டாம். அதனால் வீடு எரிந்துபோகும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் பிளக்கையும் ஏரியலையும் கழற்றுவதை, நிலையங்கள் அழியும் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். நிலையத்தைத் திரும்பப் பதியலாம். மின்னல் ஏறிய செற்றைப் பெரும்பாலும் மீட்க முடியாது.

கடைக்குக் கொண்டுபோகும்போது "செற் வேலை செய்யுதில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஒரு நிமிடம் நிக்குது அண்ணை, அரை மணித்தியாலத்தில போகுது" என்று நேரச் சோதனையின் முடிவைச் சொல்லுங்கள். அவர் நேரே அந்த உதிரிக்குப் போவார், தேடும் கூலி உங்களுக்கு மிச்சம். கழற்றிய பழைய உதிரியைக் கேட்டு வாங்குங்கள். புதுக் கப்பாசிற்றர் சார்ஜ் ஏற மணித்தியாலக் கணக்காகும். ஆகவே செற்றைக் கடையிலேயே ஓர் இரவு கரண்டில் விடச் சொல்லி, மறுநாள் உங்கள் முன்னால் பிளக்கைக் கழற்றி அரை மணித்தியாலம் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.